என் இடத்தில் உன் தம்பி

நீ குளித்துக்கொண்டிருக்கிறாய். இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசாதவள் குளியலறைக் கதவு வழியாகவா பேசப்போகிறாய்? அதனால் எழுதி வைக்கிறேன்.

கம்பெனியில் கூப்பிட்டுவிட்டார்கள். இன்று ஓட்டவேண்டிய கேப்டனுக்குக் காய்ச்சலாம். "கேப்டன், நீங்கதான் ஸ்டாண்ட்பை" என்றாள் டியூட்டி போடும் பெண். நம் மகள் வயது. நான்கு அந்நிய நாட்டுக் கம்பெனிகளுக்கு விமானம் ஓட்டியவன், "சரிம்மா" என்று பெட்டியைத் தூக்கிவிட்டேன். என் வீரமெல்லாம் வீட்டுக்குள்தான். ஸ்டாண்ட்பைதானே, கூப்பிடமாட்டார்கள் என்று இந்த நாளைக் குறித்த மேதாவியும் நான்தான்.

நான்கு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். பெரியவர் ஒருவர் இல்லாமல் பேசினால் குடும்பத்துக்குக் கௌரவக் குறைச்சல். என் இடத்தில் உன் தம்பியை உட்காரவை. ஆமாம், "பஸ் டிரைவரை அவங்க முன்னாடி நிறுத்தாதே" என்று நான் குதித்தேனே, அதே தம்பிதான். கேட்டால், போக்குவரத்துத் துறை என்று மட்டும் சொல்.

கேக் குளிர்பெட்டியில் இருக்கிறது. நல்ல கோப்பைகள் உள்ள அலமாரியின் சாவி மேசை விளக்கின் அடியில்.

பி.கு: அவனை நானே போனில் கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் முந்திக்கொண்டான். "மூணரைக்கு டூட்டி முடியுது அத்தான், நாலுக்கு டாண்ணு வந்துடுவேன். நீங்க சொன்ன நேரத்துக்கு என்னைக்காவது வீட்ல இருந்திருக்கீங்களா?" என்றான்.

இன்னொன்று. துறையெல்லாம் வேண்டாம், பஸ் ஓட்டுகிறான் என்றே சொல். உடை மாற்ற நேரமிருக்காதாம். யூனிஃபார்மோடு வரட்டும். நடுவில் உட்காரவை.