லாரன்சைச் சுமந்த ரொக்குக்காரர்

அன்பு மகன் வென்சுவுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் அப்பாவும் தங்கையும் ஆடுகளும் சுகம், மெல்பர்னில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் அதில் பாதியை நம்புவேன். நான் சொல்லச் சொல்ல ஜுதித்தா எழுதுகிறாள். (அண்ணா, நான்தான். அடைப்புக்குறிக்குள் நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. அம்மாவுக்கு எழுத்து வாசிக்க வராது, எனக்கு எழுதாமல் இருக்க வராது.)

ஜோர்ஜினாவைக் கட்டிக்கொள்ள அப்பா வாய் திறந்து ஆசி தர வேண்டும், அதுவரை கோவிலில் கல்யாண ஓலை வாசிக்கக் கேட்க மாட்டேன் என்று ஜூலையில் எழுதியிருந்தாயே, அன்றிலிருந்து வீட்டில் ஒரே புகைச்சல்தான். பூமியின் அந்தப் பக்கம் போயும் உனக்குக் கார்மெனுவின் மகள்தானா கண்ணில் பட்டாள்? அப்பா மேசையைத் தட்டி, “நாய்க்கூட்டத்துல பொண்ணெடுக்கவா இவனக் கப்பல் ஏத்தினேன்? ஞானஸ்நானத்துல புனித லாரன்ஸ் பேர வச்சிக்கிட்டு ரொக்குக்காரன் வீட்டு வாசல்ல போயி நிப்பானா?” என்றார். கப்பல் கட்டும் துறையில் கார்மெனுவும் அவரும் ஒரே பட்டறை, மற்ற மாதங்களில் ஒரு தீக்குச்சியில் இருவரும் சிகரெட் பற்ற வைப்பார்கள், திருவிழா மாதமான ஆகஸ்ட் பிறந்தால் மட்டும் முகம் பார்க்க மாட்டார்கள். லாரன்சைக் கொண்டாடும் நாம் ரொக்கைக் கொண்டாடும் அவர்களை நாய்க்கூட்டம் என்போம், அவர்கள் நம்மைக் கருகல் கூட்டம் என்பார்கள், மேலே இருக்கிற இரண்டு புனிதர்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள் போல. (கருகல் கூட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டால் அண்ணி சமைக்கவே வேண்டாம், தீய விட்டால் போதும்.)

இப்போது திருவிழாச் செய்தி கேள். பத்தாம் தேதி சாயங்காலம் நம் புனிதரின் சிலையைத் தோளில் தூக்கினார்கள், அப்படி ஒரு வெயிலை நீ பார்த்திருக்க மாட்டாய், பேண்டு வாசிப்பவர்கள் ஊதுகிற மூச்சே சுட்டது. அப்பா வழக்கம்போல முன்தண்டில் வலப்பக்கம், ஜோடியாக நாத்சு. உனக்குத்தான் தெரியுமே, உயரம் அச்சாகப் பொருந்தினால்தான் ஜோடி சேர்ப்பார்கள், விரற்கடை வித்தியாசம் இருந்தால் பாரம் ஒருவன் கழுத்தில் இறங்கிவிடும். கார்மெனு வீட்டு முக்கு திரும்பும்போது நாத்சுவுக்குத் தலை சுற்றி முழங்கால் மடங்கிவிட்டது. சுரூபம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது வென்சு, அடியில் உன் அப்பா. சுமப்பவர்கள் கையை எடுக்க முடியாது, பார்ப்பவர்களில் அந்த உயரத்துக்கு ஆள் இல்லை. நம் பவனி போகும்போது ரொக்குக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இடுக்கு வழியாகப் பார்ப்பது வழக்கம்தானே, அந்த இடுக்கில் கார்மெனு நின்றிருக்கிறார். கதவு படாரென்று திறந்தது, பனியனும் வீட்டுச் செருப்புமாக ஓடி வந்து தோளைக் கொடுத்துவிட்டார். சுரூபம் நிமிர்ந்தது. தோளுக்குத் தோள் அளந்து செய்த மாதிரி இருந்தது.

அப்பாவுக்குத் தலையைத் திருப்ப முடியாது, பக்கத்தில் வந்தது யாரென்று தெரியாது. சந்தோஷத்தில் “வாழ்க புனித லாரன்ஸ்!” என்று முழங்கினார். தண்டு தோளில் ஏறினால் கார்மெனுவின் வாய்க்கு ஒன்றுதான் தெரியும், ஆயுசெல்லாம் பழகியது, தொண்டை கிழிய “வாழ்க புனித ரொக்கு!” என்று கத்திவிட்டார். லாரன்ஸ் காலடியில் நின்றுகொண்டு! பேண்டு நின்றுவிட்டது. கார்மெனு முகம் தக்காளியாகி, “சால்வு, பழக்க தோஷம்யா, வாயில தானா வந்திடுச்சு” என்று அப்பாவிடம் முனகினார். அப்பா உறுமுவார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் சிரித்தார்டா. முதலில் தோள் குலுங்கியது, பிறகு தண்டு, பிறகு புனிதரே குலுங்கினார், பின்னால் வந்த பெண்கள் புதுமை, அற்புதம் என்று சிலுவை போட்டுக்கொண்டார்கள். “நடய்யா நாய்க்காரா, கோவிலுக்குள்ள போயி உன் வாயக் கழுவுறேன்” என்று அப்பா சொல்ல, இருவரும் கோவில் வரை அடி பிசகாமல் கொண்டு சேர்த்தார்கள். நெருப்பில் கிடந்துகொண்டு, இந்தப் பக்கம் வெந்துவிட்டது, திருப்பிப் போடுங்கள் என்று சொன்னவரல்லவா நம் புனிதர். அடுப்பில் கை சுட்டுக்கொள்ளும்போதெல்லாம் அதை நினைத்துத்தான் எனக்கு வலி ஆறும். அவர் பவனியில் ஒரு சிரிப்பு நடந்தால் அவருக்குக் குறைவா?

தோளுக்கு மெத்தை வைக்காமல் சுமந்ததால் கார்மெனுவுக்குத் தோல் உரிந்து வீங்கிவிட்டது. பதினாறாம் தேதி புனித ரொக்கின் பவனியில் அவர் இடம் காலி. அந்த உயரத்துக்கு ஊரில் வேறு யார் என்று நான் சொல்ல வேண்டுமா? யாரும் வந்து கேட்கவில்லை. மத்தியானம் அப்பா தானாகச் சவரம் செய்துகொண்டு, வெள்ளை அங்கியை எடு என்றார். நான் கேள்வி கேட்காமல் எடுத்துக் கொடுத்தேன், கேட்டால் மனம் மாறிவிடுவார். வழியெல்லாம் மற்றவர்கள் வாழ்க சொல்ல இவர் வாயில் தண்ணீர் வைத்திருப்பவர் மாதிரி நடந்தார். கோவில் வாசலில் கார்மெனு கையைக் கட்டுப்போட்டுக்கொண்டு நின்றிருந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் இவர் “வாழ்க” என்றார், பெயர் தொண்டையோடு நின்றுவிட்டது. அந்தப் பாதிக்கே ரொக்குக்காரர்கள் தொப்பிகளை ஆகாசத்தில் எறிந்தார்கள். (மீதிப் பாதியை நான் கூட்டத்திலிருந்து கத்தினேன். அம்மா கிள்ளிய இடம் இன்னும் சிவப்பு.) அன்றுதான் நான் ரொக்கை அருகில் பார்த்தேன் மகனே. கொள்ளைநோய்க்காரர்களைத் தொட்டுக் கவனித்துத் தனக்கும் வந்ததும் காட்டில் ஒதுங்கியவர், ஒரு நாய் ரொட்டி கொண்டுவந்து காப்பாற்றியது. தொடைப் புண்ணை மறைக்காமல் அங்கியை விலக்கிக் காட்டிக்கொண்டு நிற்கிறார். புண்ணைக் காட்ட எவ்வளவு தைரியம் வேண்டும். நாய் என்று ஏசிய வாயை அன்று நானே கடித்துக்கொண்டேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் அப்பா சூப்பைக் கலக்கிக்கொண்டே, “அவனுக்கு எழுது. அந்தப் பொண்ணக் கட்டிக்கட்டும். என் ஆசி உண்டு. தோள் கொடுத்தவன் வீட்டுல பொண்ணெடுக்காம வேற எங்க எடுப்பான்” என்றார். அப்படியே சொன்னார், ஒரு எழுத்து கூட்டவில்லை. இந்தக் கடிதத்தின் அடியில் தன் கையாலேயே கையெழுத்தும் போடுகிறார். நீ தாமதிக்காமல் கார்மெனுவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, தோள் எப்படி இருக்கிறது என்று முதலில் விசாரி, பெண்ணைப் பிறகு கேள். ஞாயிறு பூசையை விடாதே, வேலைக்குப் போகும்போது கழுத்தில் பதக்கம் இருக்கட்டும்.

கர்த்தரும் மாதாவும் உங்கள் இருவரையும் தம் நிழலில் வைத்துக் காக்கட்டும். முதல் பேரனுக்கு லாரன்ஸ் என்று அப்பாவும் ரொக்கு என்று கார்மெனுவும் பட்டறையில் இப்போதே சண்டையைத் தொடங்கிவிட்டார்கள். உங்களுக்கு முதலில் பெண் பிறக்க வேண்டுமென்று நான் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டேன்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
கத்தரீன்

ஆசியுடன் அப்பா, சால்வு