பக்கத்து நாற்காலி

என்னங்க,

கோவிச்சுக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனவருக்கு பிரஷர் மாத்திரையை எடுத்துட்டுப் போகத் தெரியலை. டிரைவர்கிட்ட கொடுத்தனுப்பியிருக்கேன்.

நான் நகராட்சித் தலைவியா ஜெயிச்சதும் என் நாற்காலிக்குப் பக்கத்திலேயே உங்களுக்கும் ஒண்ணு போட்டாங்க. கவுன்சிலருங்க என்கிட்ட கேள்வி கேட்டுட்டு, பதிலுக்கு உங்க மூஞ்சியைப் பார்ப்பாங்க. "அவளுக்கு என்ன தெரியும், பொம்பளை"ன்னு சிரிப்பீங்க. நானும் சேர்ந்து சிரிச்சுத் தொலைச்சேன்.

பள்ளிக்கூடத் தெருவில் சாக்கடைக்கு மூடி இல்லைன்னு நான் ஆரம்பிச்சப்போ, மேஜைக்கு அடியில் என் கையை அழுத்தினீங்க. "அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்"னு நீங்களே முடிச்சு வெச்சீங்க. அடுத்த கூட்டத்துக்குள்ளே தையல்காரரோட பொண்ணு அதில் விழுந்து செத்துப்போனா.

அவ அம்மா நேரா என்கிட்டதான் வந்தா. "நீதானே தலைவி? வாயைத் திறக்க யாரைக் கேட்கணும்?"னா. அப்பவும் நான் பதிலுக்கு உங்க மூஞ்சியைத்தான் பார்த்தேன். பழக்கதோஷம்.

மறுநாள் உங்க நாற்காலியை நானே தூக்கி வெளியே போட்டேன். புருஷனை அவமானப்படுத்திட்டாளாம், ஊரே பேசுது. அந்தக் குழந்தைக்காக யாரும் இவ்வளவு பேசலை.

நாற்காலி பத்திரமா இருக்கு, மனு கொடுக்க வர்றவங்க காத்திருக்கிற வராந்தாவில். வந்து உட்காருங்க. தையல்காரர் பொண்டாட்டி தினமும் பக்கத்திலேதான் உட்கார்றா. அவ கேட்கறதுக்கு நீங்களே பதில் சொல்லுங்க. எனக்கு என்ன தெரியும், பொம்பளை.

இப்படிக்கு,
உங்க பொண்டாட்டி