பால்கோவா மெஷினுக்குள் விட்ட விரல்

பம்பாய், 12.8.1989

அன்புள்ள மாஜிதாவுக்கு,

உன்னையும் பிள்ளைகளையும் அல்லாஹ் நலமாக வைத்திருக்க துஆ. உன் மூட்டுவலி தேவலையா? எழுத்து அழகாக இருக்கிறதே என்று பயப்படாதே. நான் சொல்லச் சொல்ல, என் அறையில் தங்கியிருக்கும் மகாராஜபுரம் கருத்தப்பாண்டி எழுதுகிறார்.

சின்ன விஷயம்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருபது வருஷம் பால்கோவா கிண்டிய திமிரில், இங்கே ஆலையில் ஓடுகிற கோவா மெஷினின் மூடியைத் தூக்கிப் பதம் பார்க்க விரலை விட்டேன். "பாய், இது என்ன நம்ம ஊரு சட்டியா?" என்று பாண்டி கத்துவதற்குள் பிளேடு பட்டுவிட்டது. இரண்டு விரலில் ஏழு தையல். இருநூறு லிட்டர் பாலைக் கீழே கொட்டினார்கள். அதுதான் அதிகம் வலித்தது. இப்போது மூடியைத் திறந்தாலே மெஷின் நிற்கும்படி செய்துவிட்டார்கள். ஆலை முன்னேற நானும் உழைத்திருக்கிறேன், பார்.

சும்மா இருக்கத்தான் முடியவில்லை. அறைக்கும் வாசலுக்கும் நடந்தே செருப்பு தேய்கிறது. நடுவிரல் இன்னும் மடங்கவில்லை. இனிக் கரண்டி பிடிக்க முடியுமா என்று டாக்டர் அடுத்த மாதம்தான் சொல்வாராம்.

பொத்தான் இல்லாத ஜிப்பா இரண்டு அனுப்பு. பாண்டிக்கு ஷிப்ட் நேரமாகிவிட்டது, முடிக்கிறேன். தினமும் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுவதும் அவர்தான். ஆனால் ஏசத் தெரியவில்லை. நீ நன்றாக ஏசி ஒரு கடிதம் போடு.

உன்,
அபுதாஹிர்