பதினோராவது துப்பாக்கிக்கு யார் பொறுப்பு

அனுப்புதல்:
மெட்டில்டா, கிதியோன் மனைவி, வயது 34,
மிஷன் பெண்கள் பள்ளித் தையல் ஆசிரியை,
மாரேட்பள்ளி, சிக்கந்தராபாத்.

பெறுதல்:
கனம் கண்டோன்மெண்ட் மாஜிஸ்திரேட் அவர்கள்,
சிக்கந்தராபாத்.

பொருள்: 1939 பிப்ரவரி 11ஆம் தேதி திருமலகிரிப் பாறை வெளியில் நடந்த டாக்கிப் படப்பிடிப்பில் துப்பாக்கி வெடித்து நான் காயமடைந்தது; என் வாக்குமூலத்தைப் பெறவும், காவலில் உள்ள சாரங்கபாணியை விடுவிக்கவும், படப்பிடிப்புத் துப்பாக்கிகளுக்கு ஒருவரைப் பொறுப்பாக்கவும் வேண்டுவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. காயம் பட்டவள் நான். சுட்டவர் என்று பதினாறு நாட்களாகக் காவலில் இருக்கும் சாரங்கபாணிக்காகவே இம்மனுவை எழுதுகிறேன். போலீசார் சாட்சிகளை விசாரித்த நாட்களில் நான் ஆஸ்பத்திரியில் ஜுரத்தில் நினைவின்றிக் கிடந்தேன். ஆகவே எனக்குத் தெரிந்தது வழக்குக் காகிதங்களில் ஏறவில்லை. தங்கள் கச்சேரி மொழிபெயர்ப்பாளர் வாசித்துக் காட்டுவார் என்று நம்பி, எனக்கு நன்றாகத் தெரிந்த தமிழிலேயே எழுதுகிறேன்.

2. மதராஸிலிருந்து வந்த சந்திரபுரி டாக்கீஸ் கம்பெனியார், ஒரு கோட்டை முற்றுகைக் காட்சிக்காக ரயில்வே ஒர்க்‌ஷாப் தமிழர் பதினோரு பேரைச் சிப்பாய்களாக அமர்த்தினார்கள். அவர்களுடைய உடுப்புகளைத் தைத்தவள் நான். அன்று ராணியின் தோழியாக நிற்க வேண்டிய பெண் வராததால், எனக்குச் சேலை மாற்றிப் பாறைமேல் நிறுத்தினார்கள். எனக்கும் அது சந்தோஷமாகவே இருந்தது என்பதை மறைக்கவில்லை.

3. துப்பாக்கிகள் ஒரு ஜாகீர்தாரின் வேட்டைக் கிடங்கிலிருந்து வந்தவை. குழல் வாய் வழியாக வெடிமருந்தைப் போட்டுக் கெட்டிக்கும் பழைய வகை. பத்து துப்பாக்கிகள் காலையிலேயே வந்து, துடைத்துச் சரிபார்க்கப்பட்டன. பதினோராவது மத்தியானத்துக்குமேல் தனியாக வந்தது. கொண்டுவந்த கிடங்குக் காவலர் காசிம் சாயபு அதை மற்றவற்றோடு சாய்த்துவிட்டு நிழலுக்குப் போனார். புகை வருவதற்காக எல்லாவற்றிலும் மருந்தும் காகிதமும் மட்டுமே இடப்பட்டன. ஆனால் பதினோராவதில் வேட்டைக்காக முன்பே போட்ட மருந்தும் ஈய ரவைகளும் கிடந்தன. அவற்றின் மேலேயே புது மருந்தும் விழுந்தது.

4. இனி எழுதுவதே தாங்கள் அறிய வேண்டியது. புகைக்கான மருந்து இடுமுன்பே அந்தத் துப்பாக்கி சாரங்கபாணியின் கைக்கு வந்தது. அவர் ஒர்க்‌ஷாப்பில் கொதிகலன் வேலை பார்ப்பவர். நீராவிக் குழாயைத் திறக்குமுன் அதை மூடியவர் யார், பார்த்தவர் யார் என்று கேட்டே பழகியவர். துப்பாக்கியை வாங்கியதும், "இத யாராச்சும் பாத்தாச்சா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். கம்பெனி மானேஜர் நாராயணசாமி அவர்கள் காசிம் சாயபுவைத் திரும்பிப் பார்த்தார். சாயபு இருந்த இடத்திலிருந்தே, "ஹவ் ஹவ், காலி ஹை", ஆமாம், காலிதான் என்றார். சாரங்கபாணி விடவில்லை. "குழலுக்குள்ள பாத்தீங்களாண்ணே?" என்றார். "வெயில் போயிடும்யா, போய் நில்லு" என்றார் மானேஜர். பாறைமேல் நின்ற பெண்கள் சிரித்தோம். "சிப்பாய்க்கு இப்பவே நடுக்கமா?" என்று கேலி செய்தவள் நானேதான். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. ஐயா, அவரை வாய் மூடச் செய்ததில் எனக்கும் பங்கு உண்டு. அதைச் சொல்லாமல் மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

5. ஒத்திகையில் எல்லோரும் துப்பாக்கியை வானத்தை நோக்கித்தான் பிடித்தார்கள். புகை படத்தில் விழாது என்று டைரக்டர் முனையை நாங்கள் நின்ற பாறைப்பக்கம் தாழ்த்தச் சொன்னார். சீட்டி ஊதியதும் பதினோரு பேரும் ஒன்றாகச் சுட்டார்கள். என் இடது தோளிலும் கையிலும் ஒன்பது ரவைகள் பாய்ந்தன. விழுந்து கிடந்த என்னிடம் முதலில் ஓடிவந்தவர் சாரங்கபாணி. தலைப்பாகையை அவிழ்த்து என் கையை இறுகக் கட்டியவரும் அவரே. ரத்தம் அதோடு நின்றதென்று பிறகு டாக்டர் சொன்னார். "கேட்டேனேக்கா... கேட்டேனே" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தது என் காதில் விழுந்தது. அதன்பின் எனக்கு நினைவில்லை.

6. நினைவு திரும்பிய பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். கம்பெனியார் குழலைப் பார்ப்பார்கள் என்று எண்ணியதாகக் காசிம் சாயபு அழுதார். கிடங்கிலேயே பார்த்து அனுப்பியிருப்பார்கள் என்று எண்ணியதாக மானேஜர் சொன்னார். எவரும் கெட்ட எண்ணம் உடையவர் அல்லர். கடைசியாக டைரக்டர் வந்தார். "தப்பு நடந்துபோச்சும்மா. யாரோடதுன்னுதான் தெரியல" என்றார். "அது தெரியாம இருந்ததுதாங்க தப்பு" என்றேன்.

7. மறுநாள் டைரக்டர் பட்டாளத்தில் பென்ஷன் வாங்கிய நாயக் பெருமாள் அவர்களை அழைத்துவந்தார். பெருமாள் ஒரு பழைய துப்பாக்கியை என் கட்டிலருகே வைத்து, கெட்டிக்கும் கோலைக் குழலுக்குள் விட்டுக் காட்டினார். குழல் காலியாக இருந்தால் கோல் அடிவரை இறங்கும். உள்ளே ஏதேனும் இருந்தால் சாண் உயரம் வெளியே நிற்கும். ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. அந்த நேரம் அன்று எங்களிடம் இருந்தது.

8. பிப்ரவரி 20 முதல் கம்பெனியார் ஒவ்வொரு துப்பாக்கியையும், அதன் எதிரே நிற்கப்போகிறவர்கள் கண்முன் கோல் விட்டுக் காட்டியே மருந்திடுகிறார்கள். முனையை ஆள்மீது திருப்புவதில்லை. போன வியாழக்கிழமை தண்ணீர் சுமக்கும் செல்லம்மா, ஒரு துப்பாக்கியை அளக்காமல் விட்டதாகக் கை தூக்கினாளாம். வேலையை நிறுத்தி அளந்தார்கள். காலிதான். ஆனாலும் யாரும் சிரிக்கவில்லை என்று என் கணவர் பார்த்துவந்து சொன்னார். அதைக் கேட்ட பிறகே இம்மனுவை எழுதத் துணிந்தேன்.

9. ஆகவே தாங்கள் என் வாக்குமூலத்தைப் பதிவுசெய்து, சாரங்கபாணியை விடுவிக்கும்படி பணிந்து வேண்டுகிறேன். மேலும் கண்டோன்மெண்ட் எல்லைக்குள் டாக்கிக்கோ நாடகத்துக்கோ துப்பாக்கி கொண்டுவருவோர், அதைப் பார்த்துக் கையெழுத்திடும் ஒருவரின் பெயரை முன்கூட்டியே தங்கள் கச்சேரியில் கொடுக்க வேண்டும் என்றும், சந்தேகம் கேட்பவர் எவரானாலும் அவருக்குப் பதில் சொல்லும்வரை சுடக்கூடாது என்றும் உத்தரவிடக் கோருகிறேன். விசை இழுத்த விரலோடு விசாரணை நின்றுவிட்டால், அடுத்த துப்பாக்கியையும் யாரும் பார்க்கமாட்டார்கள்.

10. ஆனி மாதத்துக்குள் இடது கை தையல் துணியைப் பிடிக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நின்றுபோன அந்தக் காட்சியைக் கம்பெனியார் மார்ச் 18ஆம் தேதி மறுபடி எடுக்கிறார்கள். நானே நிற்பதாகச் சொல்லிவிட்டேன். துப்பாக்கிகளைப் பார்த்துக் கையெழுத்திடுகிறவர் யாராக இருக்கலாம் என்று டைரக்டர் என்னையே கேட்டார். அன்று கேள்வி கேட்டவர் ஒருவர்தானே, அவரே இருக்கட்டும் என்றேன். பெருமாள் அவருக்குக் கற்றுக்கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். டைரக்டரின் சம்மதக் கடிதத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். 18ஆம் தேதிக்குள் சாரங்கபாணி வெளியே வர வேண்டும், ஐயா. அவர் பார்த்து, சரி என்று கையெழுத்திட்டால், நான் பயமில்லாமல் பாறைமேல் ஏறுவேன்.

தங்கள் நியாயத்தை நம்பிக் காத்திருக்கும்,
மெட்டில்டா
(வலது கையால் நானே எழுதிக் கையெழுத்திட்டது)

இடம்: சிக்கந்தராபாத்
தேதி: 27 பிப்ரவரி 1939