உன் பாய் காலியாக இல்லை

அன்புள்ள மருமகள் அம்பிளிக்கு,

இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்னமே சொன்னேன். துப்புரவு வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி, காக்கநாட்டில் கலெக்டர் ஆபீஸ் முன்னால் நீங்கள் பாய் விரித்து உட்கார்ந்த அன்றைக்கே, "முதல்ல நம்ம மோள் அம்பிளியைத்தான் தூக்குவாங்க, அவ குரல்தான் பெருசு" என்றேன். நம்ம கொச்சங்காடித் தெருவே சாட்சி.

தட்டியைத் தமிழில் எழுதச் சொன்னவனும் நான்தானே! தமிழ் படிக்கத் தெரியாத மலையாளப் போலீஸ்காரர் அதை அம்மன் கோவில் நோட்டீஸ் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்.

இனிமேல் போராட மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டால் உன்னை ஜெயிலிலிருந்து விடுவார்களாமே. உன் அம்மா சொன்னாள்: "போடவேண்டாம்னு எழுது அண்ணே. என் மோள் தலை குனியக் கூடாது."

எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு வரி எழுதுகிறேன், வாசலுக்குப் போகிறேன், திரும்பி வந்தால் சாயா ஆறிக் கிடக்கிறது.

போலீஸ் பிடித்துக்கொண்டு போனவளின் பாயை மடக்கக் கூடாது, வீட்டாள் ஒருத்தி வந்து உட்கார வேண்டும் என்று நீங்கள் வைத்த வழக்கம்தானே? நேற்று முதல் உன் பாயில் உன் அம்மா இருக்கிறாள். கோஷம் வாயில் வரவில்லை, கையை மட்டும் தூக்குகிறாள். குடை கொண்டுபோனேன். "எல்லாரும் வெயில்லதானே இருக்காங்க, எனக்கு மட்டும் என்னாத்துக்கு?" என்று திருப்பிவிட்டாள். இது சத்தியம்.

கையெழுத்துப் போடாதே என்று அவள் சொன்னதாக எழுதினேனே, அது மட்டும் என் கைச்சரக்கு. "என்ன கேட்டாலும் எழுதிக் கொடுத்துட்டு வரச் சொல்லு அண்ணே" என்றுதான் அழுதாள். அழுத முகத்தைத் துடைத்துக்கொண்டுதான் காக்கநாட்டுக்குப் பஸ் ஏறினாள்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்