சின்னக் குரலின் இசைத்தட்டு

இன்று காலை தபால்காரர் பொதியைத் தந்துவிட்டுப் போனார். பிரித்ததும் புது மட்டையின் மணம். உள்ளே எங்கள் இசைத்தட்டு. உறையில் என் பெயருக்குப் பக்கத்தில் உன் பெயர். பாட்டெல்லாம் நீ எழுதியவை அல்லவா?

முள்ளியவளைத் திருவிழா மேடை நினைவிருக்கிறதா? இசைக்குழுக்காரர் என்னை ஒரே பாட்டோடு இறக்கிவிட்டார். "பிள்ளைக்குக் குரல் காணாது, சின்னக் குரல்." நான் அழுதுகொண்டு நின்றேன். நீயோ கிற்றாரும் கையுமாக அவர் முன்னால் போனாய். "குரல் காணும் அண்ணை. உங்கட சத்தந்தான் கூடிப்போச்சு!"

அந்தக் கோபத்தில்தான் தேடத் தொடங்கினாய். கிளிநொச்சியில் நீ வேலை செய்த போட்டோக்கொப்பிக் கடையில், ஆட்கள் வராத ஒரு மத்தியானம், உன் போனில் போசா நோவா கேட்டோம். பிரேசில்காரரின் மெல்லிசை, காதோடு கதைப்பதுபோல் பாடுவார்கள். "இஞ்சை பாரடி, இவையள் உன்னை மாதிரியெல்லோ பாடுகினம்!" என்று துள்ளினாய். தமிழில் எழுதினாய், என்னைப் பாடவைத்துப் போனில் பதிந்தாய், றியோவில் இருந்த ஒரு கிற்றார் கலைஞருக்கு நீயே அனுப்பினாய். இசைத்தட்டுப் போட வரச்சொல்லி அவருடைய அழைப்பு வந்தபோது, டெங்குக் காய்ச்சலில் நீ போய் மூன்று கிழமை.

போவதில்லை என்றுதான் இருந்தேன். உன் அம்மா வட்டக்கச்சியிலிருந்து பஸ் ஏறி வந்தார். "நீ போகாட்டி அவளின்ர பாட்டை ஆர் பாடுறது?"

றியோவில் ஒலிப்பதிவின் முதல் நாள், பயத்தில் உரத்துப் பாடிவிட்டேன். அந்த ஊர்க் கலைஞர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். கிற்றார்காரர் ஒரு மரக் கதிரையை இழுத்துப் போட்டு, "கதெய்ரா" என்றார். சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு தூரத்திலும் கதிரை கதிரைதான்! இருந்தேன். கடையில் உன்னோடு கதைக்கும் அளவுக்குக் குரலை இறக்கினேன். டிரம்ஸ்காரரும் தன் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார். பாட்டு ஒரே தடவையில் சரிவந்தது. கண்ணாடிக்கு அப்பால் இருந்தவர்கள் எழும்பிக் கைதட்டினார்கள்.

போன சனிக்கிழமை கிளிநொச்சியில் கச்சேரி. மண்டபம் நிறைந்த சனம், முன்வரிசையில் உன் அம்மா. மின்விசிறிகள் இரைந்துகொண்டிருந்தன. முந்தி என்றால் பேசாமல் பாடிவிட்டு இறங்கியிருப்பேன். உன் துணிச்சலை இப்போது நான்தான் வைத்திருக்கிறேன்.

"ஃபான் எல்லாத்தையும் நிப்பாட்டுங்கோ" என்றேன்.

நிற்பாட்டினார்கள். வியர்க்க வியர்க்க, ஒருவரும் அசையாமல், உன் சொல் ஒவ்வொன்றையும் கேட்டார்கள்.