கதவை மூடுகிறவர்

2025 மார்ச் 4

ஐந்தாவது புத்தகம் முடிந்தது. கடைசி வரியை ஃபாமசியில், மதிய இடைவேளையில், இருமல் மருந்துப் பெட்டியின் மேல் கொப்பியை வைத்து எழுதினேன். முன்பொருநாள் கொலன்னாவைப் பக்கம் பஸ்ஸில் போனபோது, அந்த எண்ணெய்த் தாங்கிகளுக்கு அடியில் டிராகன்கள் தூங்கினால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. அந்த ஒரு எண்ணத்தை எட்டு வருடம் இழுத்து வந்துவிட்டேன்.

முடிவில் தீக்கதவை யாராவது உள்ளே நின்று மூடவேண்டும். மூடினால்தான் டிராகன்கள் தூங்கும், கொழும்பு எரியாது. மூடியவர் வெளியே வரமுடியாது. ஆறாயி மூடுகிறாள். கொட்டாஞ்சேனைப் பிள்ளை, பத்து வயது, கொதியன் என்ற பெரிய டிராகனின் நெஞ்சுத் துடிப்பை முதன்முதலில் கேட்டவள். வெள்ளவத்தைத் துவாரகனை வெளியே தள்ளிவிட்டுத் தான் உள்ளே நிற்கிறாள். எழுதும்போது அழுதுவிட்டேன். பனடோல் வாங்க வந்தவர், "மிஸ், சுகமில்லையா?" என்று கேட்டார்.

இந்த முடிவை ஒரு பிள்ளையும் எதிர்பார்க்காது.

மார்ச் 6

நிஷாந்தினிக்குப் பிரதியை அனுப்பினேன். நாலு புத்தகத்துக்கும் படம் வரைந்தவள் அவள்தான். ஜிந்துப்பிட்டியில் அவளுடைய வீட்டு முன்னறைதான் எங்கள் டிராகன்களுக்குப் பிறந்த வீடு. முகம் தேடி அவள் வெளியே போவதில்லை, வீட்டு ஆட்களையே இருத்திவைத்து வரைவாள். போன புத்தகத்தில் வந்து சேர்ந்த ஆறாயிக்கு அவளுடைய ஒன்பது வயது மகளின் முகம்.

மார்ச் 15

பதில் இல்லை. வழமையாக இரண்டு நாளில் முதல் படம் வந்துவிடும்.

கண்ணாடியின் இடது கால் உடைந்துவிட்டது. கடையில் இருந்த வெள்ளைப் பிளாஸ்டரைச் சுற்றினேன். "இனி உம்மைப் பார்த்தாலே மருந்துக்கடை எண்டு தெரியும்" என்றார் கஜீவன். கட்டின மனுசன் பேசும் பேச்சு.

மார்ச் 17

நிஷாந்தினி ஃபோன் எடுத்தாள்.

"அக்கா, இத நான் வரைய மாட்டேன்."

உடம்புக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று பயந்துவிட்டேன். இல்லையாம்.

"ஒவ்வொரு புத்தகத்துலயும் சாவுறது எங்க கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி ஆளுங்கதான். நீங்க கவனிச்சீங்களா?"

நான் அப்படி யோசிக்கவே இல்லை என்றேன்.

"நீங்க யோசிக்கல. நான் வரைஞ்சேன். மொதல்ல எங்கப்பா, அப்புறம் அத்தை, அப்புறம் அண்ணன். இப்ப மகளையும் கேக்குறீங்க."

பிறகு இன்னொன்று சொன்னாள். அதைத்தான் எழுதக் கை வரவில்லை. பிரதியைக் காட்டாமலே, கடைசியில் கதவை யார் மூடுவார்கள் என்று மகளிடம் சும்மா கேட்டிருக்கிறாள். "ஆறாயிதாம்மா. துவாரகன் வீட்டுக்குப் போகணும்ல" என்றுவிட்டு அந்தப் பிள்ளை சோறு சாப்பிடப் போய்விட்டதாம்.

மார்ச் 18

சரியான கோபம். நான் என்ன வேணுமெண்டே செய்தனான்? சாகிறவை எல்லாரும் வீரமாத்தானே சாகினம்! ஆறாயியை விட நல்ல பிள்ளை ஆர் இருக்கு இந்தக் கதையில? இப்பிடி ஒவ்வொருத்தருக்கும் பங்கு பிரிச்சுக்கொண்டிருந்தா டிராகன் எப்ப பறக்கிறது?

கடையில் ஒரு ஆளுக்கும் சிரித்த முகம் காட்டவில்லை.

மார்ச் 21

பதிப்பாளர் பஸீர் நானா பேசினார். "செப்டெம்பர்ல புத்தகக் கண்காட்சி மிஸ். அவ ஏலாதெண்டா வேற ஆளப் பாப்போமே."

கொஞ்ச நாள் பொறுங்கள் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? ஓம் என்று சொல்ல வாய் திறந்ததுதான், வேறு யாரோ ஆறாயியை வரைவதை நினைக்க முடியவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

நாலு புத்தகத்தையும் எடுத்து வைத்து, சாவுகளை மட்டும் பார்த்தேன்.

முதல் புத்தகத்தில் தாங்கிக் காவலாளி. நெருப்புக்கு முன்னால் போய் நிற்கிறார். முகம் நிஷாந்தினியின் அப்பா ராமையா. இரண்டாவதில் அப்பம் சுடும் பெண், மற்றவர்கள் கடக்கப் பாலத்தைப் பிடித்துக்கொடுத்துவிட்டுக் கால்வாயில் மூழ்கிப் போகிறாள். அது அவளுடைய அத்தை மயிலம்மா. மூன்றாவதில் ஓட்டோக்காரர், அவளுடைய அண்ணன் யோகராஜ். நாலாவதில் யாரும் சாகவில்லை என்று நிம்மதியாகப் புரட்டினேன். ஆறாயியின் நாய்.

எங்கள் வெள்ளவத்தை ஆட்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஒவ்வொரு புத்தகத்தின் முடிவிலும் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடிக்கிறார்கள். நாலு முறையும் தேத்தண்ணி. நான்தான் எழுதியிருக்கிறேன்.

முதல் புத்தக வெளியீட்டில் ராமையா அண்ணன் தன் படத்தைப் பார்த்துவிட்டு, "என்னையக் கொன்னுபுட்டீங்களேம்மா" என்று சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அதைப் பாராட்டென்று வேறு எண்ணினேன்.

கஜீவனிடம், "உங்களுக்கு இது தெரிஞ்சதோ?" என்று கேட்டேன். "இல்லை. வாசிக்கேக்க வித்தியாசமாப் படவே இல்லை" என்றார். புத்தகத்தை வாங்கிப் புரட்டிவிட்டு, "அதுதான் சரியில்லை, என்ன?" என்றார்.

வெட்கமாக இருக்கிறது. 

மார்ச் 30

ஜிந்துப்பிட்டிக்குப் போனேன். கோயில் பக்கத்து ஒழுங்கையில் வழக்கம்போல் நெரிசல். நிஷாந்தினியின் மகள் வாசலில் இருந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "ஆன்ட்டி, கொதியன் தூங்கிட்டானா?" என்றாள். அவளுக்கு என்மேல் ஒரு கோபமும் இல்லை. கோபப்பட ஒன்றும் நடந்ததாக அவளுக்குத் தெரியவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நிஷாந்தினி தேத்தண்ணி போட எழுந்தாள். வேண்டாம் என்றேன்.

"பிழை என்னிலதான், நிஷா. நான் காணேல்லை."

"நீங்க கெட்டவங்கன்னு நான் சொல்லலியே அக்கா" என்றாள். "ஆனா மன்னிப்புக் கேட்டா முடிஞ்சிருமா? கதவு தொறந்துதானே கெடக்கு."

உண்மைதான். யாராவது மூடவேண்டும்.

ஏப்ரல் 9

துவாரகனைக் கொண்டு மூடப் பார்த்தேன். தண்டனை கொடுக்கிற மாதிரி இருக்கிறது. பதினொரு வயதுப் பிள்ளை என்ன பாவம் செய்தான்?

ஏப்ரல் 12

கொதியனே வாலால் மூடுகிறான். ஏமாற்று வேலை. கிழித்துவிட்டேன்.

ஏப்ரல் 20

இன்றைக்குக் காலையில், பல் தீட்டும்போது — பொன்னம்பலம் மாஸ்டர்!

வெள்ளவத்தை மாஸ்டர். டிராகன் பாஷை படித்தவர். நாலு புத்தகத்திலும் கரையில் நின்றுகொண்டு, "நீங்கள் போங்கோ பிள்ளையள், நான் இஞ்ச நிண்டு வழி சொல்லுறன்" என்பவர். கால் நனைந்ததே இல்லை. எப்போதும் தூரத்தில் நிற்பவர் என்பதால் நிஷாந்தினியின் படங்களில் அவருடைய முகம்கூடத் தெரிந்ததில்லை. ஆனால் கதையில் பிள்ளைகள் சிரிக்கும் பகிடி எல்லாம் அவருடையது. நான் வாயால் சொல்ல நினைப்பதை எல்லாம் அவர்தான் சொல்வார்.

அவரையோ? ஐயோ, வேண்டாம்.

ஏப்ரல் 21

வேண்டாம் என்று ஏன் உடனே தோன்றியது? காவலாளிக்கு அப்படித் தோன்றவில்லையே. ஒரு பின்னேரத்தில் எழுதி முடித்துவிட்டுச் சந்தைக்குப் போய் மீன் வாங்கினேன்.

மே 3

எழுதிவிட்டேன். மாஸ்டர் வீரமாகப் போகவில்லை. தன்னுடைய டிராகன் சுவடியில் வேறு வழி இருக்கிறதா என்று மூன்று முறை தேடுகிறார். ஆறாயி வழக்கம்போல், "நான் போறேன் சேர்" என்று முன்னால் வருகிறாள். அவர் அவளுடைய கையைப் பிடித்து நிறுத்துகிறார். "இவ்வளவு நாளும் வழி சொன்னது நான். ஒருக்காலும் நடந்து பாக்கேல்லை. தள்ளு பிள்ளை" என்கிறார்.

கதவு மூடுகிறது. ஆறாயி கொட்டாஞ்சேனைக்கு நடந்து போய், தன் வீட்டில் இருந்து தேத்தண்ணி குடிக்கிறாள். அவ்வளவுதான் முடிவு.

இந்த முறை அழவில்லை. எனக்கு அந்த மனுசனை நல்ல விருப்பம்.

மே 5

அனுப்பினேன். 

மே 6

நிஷாந்தினியிடமிருந்து ஒரே ஒரு சொல்: "வரையிறேன்."

மாஸ்டர் சாகிறார் என்று பஸீர் நானாவுக்குச் சொன்னேன். "யா அல்லாஹ், மாஸ்டரையா மௌத்தாக்கினீங்க?" என்று கத்தினார். அவருக்கும் மாஸ்டரைப் பிடிக்கும்.

ஜூலை 18

படங்களைக் காட்டமாட்டாளாம். அச்சாகி வந்தபிறகு பார்க்கச் சொல்கிறாள். எட்டு வருடத்தில் இப்படிச் செய்ததில்லை. கேட்டால் சிரிக்கிறாள்.

செப்டெம்பர் 14, ஞாயிறு

வெளியீட்டை இந்த முறை ஜிந்துப்பிட்டியில் வைத்தோம், கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில். பிள்ளைகள் நிறையப் பேர், அவ்வளவு பேருக்குக் கதிரை இல்லை. நிஷாந்தினி முதல் பிரதியை என் கையில் தந்து, "கடைசிக்கு முந்தின பக்கம்" என்றாள்.

தீக்கதவு. பாதி மூடியிருக்கிறது. இடுக்கில் பொன்னம்பலம் மாஸ்டர் திரும்பிப் பார்க்கிறார். என்னுடைய மூக்கு. என்னுடைய முன்நெற்றி நரை. என்னுடைய கண்ணாடி — இடது காலில் சுற்றிய பிளாஸ்டரைக்கூட அவள் விடவில்லை.

கதவுக்குள் நிற்பது எப்படி இருக்கும் என்று எட்டு வருடத்தில் முதன்முதலாக இன்றைக்குத்தான் தெரிந்தது. நிஷாந்தினி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "முகம் நல்லா வந்திருக்கு" என்றேன். அவளுக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான்.

அவளுடைய மகள் இன்னொரு பிரதியை எடுத்துக்கொண்டு போய், நேராகக் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "அம்மா! ஆறாயி வீட்டுக்கு வந்துட்டா!" என்று மண்டபம் முழுக்கக் கேட்கக் கத்தினாள்.

எனக்கு உட்கார இடமில்லை. முன்வரிசையில் ராமையா அண்ணனும் மயிலம்மா அக்காவும், லீவில் வந்திருந்த யோகராஜும் இருந்தார்கள். ராமையா அண்ணன் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மூவருமாகச் சற்று நகர்ந்து பக்கத்துக் கதிரையைக் காலியாக்கினார்கள். மடியில் இருந்த பையை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, "வாங்கம்மா" என்றார், "செத்தவங்க எல்லாம் இந்தப் பக்கம்தான்."

போய் உட்கார்ந்தேன்.